லால்பாந்த் கரையில் முதல் அடி

அவர் யாரையாவது அடிக்கப் போகிறார் என்பதை முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. கோபம் வந்தால் மற்றவர்களுக்கு மூக்கு விடைக்கும், குரல் ஏறும், கண் சிவக்கும். அவருக்கு ஒன்றும் ஆகாது. பேசிக்கொண்டிருக்கும் பேச்சைப் பாதியில் விடுவார். மீதியைக் கை சொல்லும்.

டாலிகஞ்சில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் தரைத்தளத்து வீடு அவருடையது. கார்டன் ரீச் பக்கம் கப்பல் பழுது பார்க்கும் ஒரு சின்னப் பட்டறையில் வெல்டர். அவர் அப்பா காலத்திலேயே தூத்துக்குடியிலிருந்து வந்துவிட்ட குடும்பம். அவர் பிறந்தது, வளர்ந்தது, கட்டிக்கொண்டது எல்லாம் கொல்கத்தாவில். மனைவி வங்காளி. கட்டடத்தில் இருந்த ஏழெட்டுத் தமிழ்க் குடும்பங்களுக்கு அவர் அண்ணன், வங்காளிகளுக்குத் தாதா. அங்கே தாதா என்றாலும் அண்ணன்தான். ஆனால் மதுரையிலிருந்து மாற்றலாகி வந்த புதிதில் அந்தச் சொல் என் காதில் நம்மூர் அர்த்தத்திலேயே விழுந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், இரண்டு அர்த்தமும் ஒன்றாகப் பொருந்திய ஒரே ஆள் அவர்தான்.

அவர் இறந்து இரண்டு குளிர்காலம் போய்விட்டது. பெயரை எழுதவில்லை. எழுதினால் அவர் மனைவிக்குப் பிடிக்காது. என்மேல் அவருக்கு இருக்கும் வருத்தத்தில் இன்னொன்றைச் சேர்க்க எனக்கு விருப்பமில்லை.

நான் அவரை முதலில் பார்த்தது மெட்ரோ நிலையத்துக்கு வெளியே, ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும் வரிசையில். பாலிகஞ்சில் இருந்த என் வங்கிக் கிளையிலிருந்து திரும்பும் நேரம். மூன்று நாளாக ஒரே ஆள் எனக்குப் பின்னால் வந்து நின்று உடம்போடு உடம்பாக ஒட்டினான். நான் நகர்ந்தால் அவனும் நகர்ந்தான். வங்காளியில் திட்டத் தெரியாது. தமிழில் திட்டினால் யாருக்கும் புரியாது. நாலாவது நாள் வரிசைக்கு வெளியே நின்றிருந்த ஒருவர் என்னிடம், "என்னம்மா, தமிழா? புதுசா குடிவந்த பேங்க்காரங்க தானே? நம்ம கட்டடத்துலதான்..." என்றார். சொல்லிக்கொண்டே என் தோளுக்கு மேலாகப் பார்த்தார். பேச்சு நின்றது. சப்தம் மட்டும்தான் கேட்டது எனக்கு. திரும்பினால் அந்த ஆள் ஆட்டோவின் பின்சக்கரத்தில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தான். வாயிலிருந்து ரத்தம் தாடைக்கு இறங்கி வந்தது.

"வாய் லேட்டாத்தாம்மா வரும் எனக்கு. கை முன்னாடி போயிரும்," என்றார் மன்னிப்புக் கேட்பதுபோல.

மறுநாள் அதே இடத்தில் அவரும் அந்த ஆளும் அருகருகே நின்று மண்கோப்பையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு உதடு வீங்கியிருந்தது. சூட்டில் உறிஞ்ச முடியாமல் ஊதி ஊதிக் குடித்தான். என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு கேட்டபோது அண்ணன் சொன்னார்: "அடிச்சவனுக்கு ஒரு டீ வாங்கிக் குடுக்கலேன்னா அன்னைக்கு எனக்குச் சோறு எறங்காதும்மா."

எனக்கு அவரை அப்படித்தான் பிடித்துப்போனது. கேட்காமலே எனக்காக ஒருவர் கையை ஓங்கியது அதுதான் முதல் தடவை. என் கணவருக்குச் சத்தமாகப் பேசவே வராது. அன்று வீட்டில் இதைச் சொன்னபோது, "நல்லது. ஒரு ஆள் இருக்கார்னு தெரிஞ்சுக்கிட்டோம்ல," என்றார். நாங்கள் மட்டுமல்ல, கட்டடத்தில் எல்லோருமே அப்படித்தான் அவரை வைத்திருந்தோம். தீயணைப்பான் மாட்டி வைப்பதுபோல.

மூன்றாம் மாடியில் கணவனை இழந்த ஒரு தமிழ் அம்மாள் தனியாக இருந்தார். வீட்டை விற்க மறுத்தார் என்று கட்டடக் கான்ட்ராக்டரின் ஆள் ஒருவன் அவர் வீட்டுக்கு வரும் தண்ணீர்க் குழாயை அடைத்துவிட்டான். நாங்கள் ஐந்தாறு பேர் கூடி மனு எழுதினோம். மனுவில் எழுத்துப்பிழை திருத்திக்கொண்டிருந்த நேரத்தில் யாரோ, "அண்ணனைக் கூப்பிட்டா முடிஞ்சிரும்," என்றார்கள். கூப்பிட்டோம். அவர் சாப்பாட்டுக் கையோடு மாடி ஏறினார். கொஞ்ச நேரத்தில் படிக்கட்டில் ஒரு அலறல் கேட்டது. அந்த ஆளின் மணிக்கட்டு, இருக்கக்கூடாத திசையில் திரும்பித் தொங்கியது. சாயங்காலம் தண்ணீர் வந்தது. ஒரு வீட்டில் கேசரி கிண்டி எல்லோருக்கும் கொடுத்தார்கள்.

மறுநாள் காவல் நிலையத்திலிருந்து அவருக்கு ஆள் வந்தது. அவர் சட்டை மாற்றிக்கொண்டு தனியாகத்தான் போனார். ஒருவரும் கூடப் போகவில்லை. எனக்கு அன்று ஆடிட் இருந்தது. மற்றவர்களுக்கு என்ன இருந்ததோ. திரும்பி வந்தபோது நடையில் லேசான நொண்டல் தெரிந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை.

அவருடைய வலது கையை நான் நன்றாகப் பார்த்திருக்கிறேன். புறங்கையெல்லாம் தீப்பொறி பட்டுத் தெறித்த வெள்ளைப் புள்ளிகள். சுண்டுவிரலும் அடுத்த விரலும் முழுக்க நீளாது. அந்தக் கையால் என் மகளுக்குக் காற்றாடி செய்து கொடுப்பார். அவளுக்கு அப்போது ஐந்து வயது. தாத்தா, பெரியப்பா எதுவும் சொல்லாமல் அவரை "நட்டு மாமா" என்பாள், சட்டைப்பையில் எப்போதும் ஒரு நட்டாவது போல்ட்டாவது இருக்கும் என்பதால்.

அவரைப் பார்த்து நான் முதலில் பயந்தது ஒரு பஸ்ஸில். மூன்றாம் மாடி அம்மாளை அண்ணனும் நானும் மருத்துவமனைக்கு அழைத்துப்போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஒருவன் அம்மாளின் பையில் கைவிட்டான். அண்ணன் பிடித்துக்கொண்டார். கண்டக்டர் பஸ்ஸை நிறுத்தினார். இருவரும் இறங்கினார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முதல் அடியிலேயே அவன் விழுந்துவிட்டான். அண்ணன் குனிந்து சட்டையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி மறுபடி அடித்தார். மறுபடி தூக்கினார். அவன் கும்பிட்ட கைக்குள்ளேயே அடி விழுந்தது. ஒரு பல் ரோட்டில் தெறித்து உருண்டது. பஸ்ஸில் இருந்தவர்கள், "ஆரோ மாரோ தாதா, இன்னும் போடுங்க," என்று கத்தினார்கள். நான் பயந்தது அடியைப் பார்த்து அல்ல. அவர் முகத்தில் வெறி இல்லை. இரும்பில் இணைப்பு சரியாகப் பிடித்ததா என்று பார்க்கும் கவனம்தான் இருந்தது.

அதற்குப் பிறகு ஒருநாள் அவர் மனைவி, நாங்கள் பௌதி என்று கூப்பிடுவோம், எங்கள் வீட்டுக்கு வந்தார். அண்ணி என்பதற்கு அங்கே அதுதான் சொல். அவருக்குத் தமிழ் வரும், உடைந்து வரும். என்னை அக்கா என்ற அர்த்தத்தில் தீதி என்பார். சமையலறை வாசலில் நின்றுகொண்டே சொன்னார்.

"தீதி, நீங்க எல்லாம் அவரைக் கூப்பிடாதீங்க."

"எதுக்கு பௌதி?"

"கூப்பிடறீங்க. அடிக்கிறார். நீங்க வீட்டுக்குப் போயிடறீங்க. அடிச்ச ஆளு என் வீட்டுக்குத்தானே வரார்?"

நான் தயங்கிக் கேட்டேன். "உங்களை அடிப்பாரா?"

"ஒருநாளும் இல்ல. ஐயோ, ஒருநாளும் இல்ல." இரண்டு கையையும் ஆட்டினார். "ஆனா பேசிட்டே இருக்கும்போது திடீர்னு நிறுத்தினா எனக்கு உசிர் போயிடும். கல்யாணம் ஆகி இருபத்தாறு வருஷம். தினம் உசிர் போகுது."

நான் சரி என்றேன். அடுத்த மாதமே, மாடியில் கொடி கட்டும் தகராறுக்கு நானே போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

அந்த ஜனவரியில் பிஷ்ணுபூர் போகலாம் என்று யோசனை சொன்னதும் நான்தான். மல்ல ராஜாக்களின் பழைய தலைநகரம். சுட்ட செங்கல்லில் கதை கதையாகச் செதுக்கிய கோயில்கள். ஊரைச் சுற்றி ராஜாக்கள் வெட்டிய பெரிய பெரிய ஏரிகள். மூன்று குடும்பம் சேர்ந்து வேன் பிடித்து விடியற்காலையில் கிளம்பினோம். வழி முழுக்கப் பனி. அண்ணன் முன் இருக்கையில் உட்கார்ந்து டிரைவருக்குத் தூக்கம் வராமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தார். ஆராம்பாக் தாண்டி நிறுத்திய இடத்தில் எல்லோருக்கும் கச்சோரி வாங்கிக் கொடுத்தார். என் மகள் அவர் மடியில் தூங்கிப்போனாள்.

அந்த வாரம் முழுக்க எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே செய்திதான் சுற்றியது. பிள்ளை பிடிக்கும் கும்பல் மாவட்டங்களில் இறங்கியிருக்கிறது, பிச்சைக்காரன் போலவும் வண்டிக்காரன் போலவும் வருகிறார்கள் என்று. கூடவே ஒரு மங்கலான படம். நானும் அதை நான்கு குழுக்களுக்கு அனுப்பியிருந்தேன். பிள்ளை பிடிக்கிறவனுக்கு வங்காளியில் செலேதோரா என்று பெயர். மூன்று வருஷம் கொல்கத்தாவில் இருந்து நான் கற்றுக்கொண்ட இருபது முப்பது சொற்களில் அதுவும் ஒன்றாகிவிட்டது.

ஊருக்குள் வேன் நுழைய முடியாத சந்துகள் இருந்ததால் இரண்டு டோட்டோ பிடித்தோம், பேட்டரியில் ஓடும் ரிக்ஷா. ஒன்றில் நானும் கணவரும் மகளும். மற்றதில் அண்ணன், பௌதி, மீதிப்பேர். எங்கள் டோட்டோக்காரர் பழுப்புக் குரங்குக் குல்லா போட்டு, அதன்மேல் சால்வையைச் சுற்றியிருந்தார். என் மகளுக்குக் கதை சொல்லிக்கொண்டே ஓட்டினார். லால்பாந்த் ஏரிக்கு வந்ததும், லால்பாய் என்ற நாட்டியக்காரியின்மேல் ஒரு ராஜா பைத்தியமாக இருந்தார் என்றும், ராணி கோபத்தில் ராஜாவைக் கொன்று அந்தப் பெண்ணை இந்தத் தண்ணீரில்தான் மூழ்கடித்தாள் என்றும் சொன்னார். கணவர் அரைகுறையாக மொழிபெயர்த்தார். "இப்பவும் உள்ள இருக்காளா?" என்று மகள் கேட்டதற்கு டோட்டோக்காரர் சிரித்தது நினைவிருக்கிறது. முகம் நினைவில்லை. அரைமணி நேரம் அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தும் நான் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை.

மதியம் வெயில் ஏறிவிட்டது. கரையில் நல்ல கூட்டம், பிக்னிக் வந்தவர்கள், பொரிக்கடை, பாட்டு. அண்ணன் ஒரு மரத்தடியில் அடுப்புப் பற்றவைக்க யாருக்கோ உதவிக்கொண்டிருந்தார். நாங்கள் தண்ணீர் ஓரம் நின்று படம் எடுத்துக்கொண்டோம். நாலைந்து படம் சரியாக வரவில்லை என்று திரும்ப எடுத்தோம். திரும்பிப் பார்த்தால் மகள் இல்லை.

எவ்வளவு நேரம் தேடினோம் என்று என்னால் சொல்ல முடியாது. பத்து நிமிஷம் இருக்கலாம். நான் ஏரியைப் பார்த்தேன், பார்க்காமல் இருக்க முயன்றேன். அப்போதுதான் தூரத்தில், பொரிக்கடைகளுக்குப் பின்னால், ஒருவன் அவளைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடப்பது தெரிந்தது. அவள் வீறிட்டு அழுதுகொண்டிருந்தாள். ஒல்லியான ஆள், நரைத்த தலை, கட்டம்போட்ட சட்டை.

"ஐயோ, புள்ளையத் தூக்கிட்டுப் போறான்!" என்று கத்தினேன். தமிழில். எங்களவர்களுக்கு மட்டும் புரிந்தது. அண்ணன் கையிலிருந்த விறகைப் போட்டுவிட்டு ஓடினார்.

அங்கேயே நான் நிறுத்தியிருந்தால் ஒரே ஒரு அடியோடு போயிருக்கும். நான் மறுபடி கத்தினேன். அந்தக் கரை முழுக்கப் புரியும்படி கத்தினேன்.

"செலேதோரா! செலேதோரா!"

பாட்டு நின்றது. கரை எழுந்து நின்றது.

அண்ணன்தான் முதலில் போய்ச் சேர்ந்தார். இடது கையால் பிள்ளையைப் பறித்து பௌதியிடம் கொடுத்தார். வலது கை இறங்கியது. அந்த ஆள் இரண்டடி பின்னால் போய் விழுந்தான். எழ முயன்றபோது அண்ணன் மறுபடி அடித்தார். அதற்குள் கூட்டம் வந்துவிட்டது. கிரிக்கெட் மட்டை வைத்திருந்தவன் மட்டையால் அடித்தான். பிக்னிக் வந்தவர்கள் விறகால் அடித்தார்கள். செங்கல் வந்தது. ஒரு பெண் செருப்பைக் கழற்றி, இடைவெளி கிடைக்கும்போதெல்லாம் குனிந்து அடித்துவிட்டு நிமிர்ந்தாள். அவன் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தான். பிறகு சொல்லவில்லை.

நான் போய் மகளை வாங்கி இறுக்கிக்கொண்டேன். அவள் என் கழுத்தைப் பிடித்துத் தள்ளினாள்.

"ஏன் வண்டி மாமாவை அடிக்கிறாங்க? அம்மாகிட்ட கூட்டிட்டுப் போறேன்னு சொன்னாரும்மா!"

குல்லாவும் சால்வையும் இல்லை, அவ்வளவுதான். வெயிலுக்குக் கழற்றி வண்டியில் வைத்திருந்தார். வழி தெரியாமல் அழுதுகொண்டு நின்றவளை அடையாளம் கண்டு, தூக்கிக்கொண்டு எங்களைத் தேடி வந்திருக்கிறார்.

அண்ணன் அதைக் கேட்டார். கூட்டத்தின் விளிம்பில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவர் மகளைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். "நிறுத்துங்கடா!" என்று தமிழில் கத்தினார். "தாமாவோ, தாமாவோ!" என்று வங்காளியில் கத்தினார். யாரும் காதில் வாங்கவில்லை. அவர் நுழைந்தார். நாலு பேரைப் பிய்த்து எறிந்திருக்க முடியும் அவரால். ஒருவரையும் தொடவில்லை. அந்த ஆளின்மேல் குப்புற விழுந்து, அவர் தலையைத் தன் நெஞ்சுக்கடியில் வைத்துக்கொண்டு, கைகளை இருபுறமும் மண்ணில் ஊன்றிக்கொண்டார்.

கூட்டம் அவரையும் கும்பல்காரன் என்று நினைத்துவிட்டது.

முதுகில் மட்டை விழுந்த ஒவ்வொரு தடவையும் ஒரு மந்தமான ஓசை எழுந்தது. ஈரத்துணியைக் கல்லில் அடிப்பதுபோல. பௌதி நடுவில் புகுந்து யார் காலையோ கட்டிக்கொண்டு, வங்காளியில் தன் புருஷன் பெயரையும் கடவுள் பெயரையும் மாற்றி மாற்றிக் கத்தினார். என் கணவர் போலீசுக்கு போன் செய்துகொண்டிருந்தார். நான் என்ன செய்தேன்? மகளின் கண்ணைப் பொத்தினேன். 'தவறு, இவர் நல்லவர்' என்று சொல்வதற்கு வங்காளியில் எனக்குச் சொல் கிடைக்கவில்லை.

போலீஸ் வண்டி வரும்வரை அடி ஓயவில்லை. இருவரையும் பிரித்தபோது டோட்டோக்காரரின் இடது கண் இருந்த இடம் தெரியவில்லை. அண்ணனுக்கு ஐந்து விலா எலும்பு, ஒரு தோள்பட்டை.

மருத்துவமனையில் அவர் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று. "அடின்னா இவ்ளோ வலிக்கும்னு எனக்குத் தெரியாதும்மா. எத்தனை பேரு..." என்று நிறுத்தினார். நான் அனிச்சையாக ஒரு அடி பின்னால் நகர்ந்தேன். அவர் நிறுத்தியது அழுகை வந்ததால்.

போலீஸ்காரர் வாக்குமூலம் வாங்க வந்தபோது, "முதல் அடி என்னுது," என்று அவர் சொன்னார். எழுதிக்கொண்டார்கள். எங்களிடம் வருவதற்குமுன் கணவர் என்னை வராந்தாவுக்கு அழைத்துப்போனார்.

"நீ கத்தினேன்னு சொல்லாத. கேஸ்ல பேரு ஏறிச்சுன்னா உன் வேலை என்னாகும்? நாம புள்ளையத் தேடினோம். கூட்டம் அடிச்சுது. அவ்வளவுதான் நமக்குத் தெரியும்."

அவ்வளவுதான் சொன்னேன்.

அண்ணனையும் உள்ளூர்க்காரர்கள் ஐந்து பேரையும் கைது செய்தார்கள். சில வாரம் கழித்து ஜாமீனில் வந்தார். பட்டறையில் வேலை போய்விட்டது. அந்தத் தோளால் வெல்டிங் பிடிக்கவும் முடியவில்லை. வாய்தா வரும்போதெல்லாம் அவரும் பௌதியும் அதிகாலை ரயில் பிடித்து பிஷ்ணுபூர் போனார்கள். நான் மாடி ஜன்னலிலிருந்து பார்ப்பேன். ஒரு தடவை பௌதி படிக்கட்டில் என்னை நிறுத்தி, "அந்தச் சொல்லை யார் கத்தினாங்கன்னு வக்கீல் கேக்கறார். இவர் வாயே தொறக்க மாட்டேங்கறார். தீதி, நீங்க சொல்லுங்க," என்றார். நான் மகளின் பள்ளி வேன் வந்துவிட்டது என்று சொல்லி இறங்கிப்போனேன். அண்ணன் என்னைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். தங்கையாக நினைக்கிறார், அதனால்தான் சொல்லவில்லை என்று. அந்த நினைப்பில் நான்கு வருஷம் ஓட்டினேன்.

பிறகு எனக்கும் சம்மன் வந்தது. பிள்ளையின் தாய் என்ற முறையில் சாட்சி.

கோர்ட்டில் டோட்டோக்காரர் முதலில் பேசினார். முகம் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வண்டியை இப்போது அவர் மனைவி ஓட்டுகிறாராம். அண்ணனைக் காட்டி, உங்களை அடித்தவர் இவரா என்று கேட்டார்கள்.

"முதல்ல அடிச்சவர் இவர்தான். கடைசி அடிவரைக்கும் எனக்கு மேல கிடந்தவரும் இவர்தான்," என்றார்.

அடுத்து நான். செலேதோரா என்று கத்தியது யார் என்று தெரியுமா?

"தெரியாது."

அண்ணன் குற்றவாளிக் கூண்டில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இறங்கி வெளியே வந்தேன். வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த டோட்டோக்காரர் என்னைப் பார்த்து எழுந்தார். கைகூப்பினார்.

"தீதி, பொண்ணு எப்படி இருக்கா?"

அதில் குத்தல் எதுவும் இல்லை. உண்மையாகவே கேட்டார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்னை நோக்கி வந்த மனிதர் அவர். நான் கத்தியதை அவரும்தானே கேட்டிருப்பார்? அதே குரல் இப்போது உள்ளே 'தெரியாது' என்றதையும் கேட்டிருப்பார்.

"நல்லா இருக்கா," என்றேன். அண்ணனின் வக்கீலிடம் போனேன். நான் மறுபடி பேச வேண்டும் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போனார். மதியத்துக்குமேல் கூப்பிட்டார்கள்.

"காலையில் சொன்னது பொய்யா?" என்றார் நீதிபதி.

"ஆமாம். நான்தான் கத்தினேன். இவர் என் பேச்சைக் கேட்டுத்தான் அடித்தார். ஊர்க்காரர்களும் என் பேச்சைக் கேட்டுத்தான் அடித்தார்கள்."

எனக்குப் பலமான திட்டு விழுந்தது. வங்கியிலும் பிறகு விசாரணை வைத்தார்கள். பதவி உயர்வு போனது, வேலை போகவில்லை. அண்ணனுக்குத் தண்டனை வந்தபோது, என் சாட்சியால் அவருக்கு ஒருநாள்கூடக் குறையவில்லை என்று வக்கீல் சொன்னார். பதினான்கு மாதம் உள்ளே இருந்தார். வெளியே வந்து ஒரு மழைக்காலத்தைத் தாண்டவில்லை. நுரையீரல்.

ஆனால் அன்று கோர்ட் முடிந்த சாயங்காலத்தை நான் இன்னும் சொல்லவில்லை. பிஷ்ணுபூர் ஸ்டேஷனில் ஹௌரா ரயிலுக்காக நின்றிருந்தோம். நான் மூன்று டீ வாங்கிக்கொண்டு அண்ணனும் பௌதியும் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்குப் போனேன். மனசு லேசாகியிருந்தது. சொல்லிவிட்டோம் என்ற நிம்மதி. அண்ணன் என் தலையைத் தடவி, போனால் போகிறதும்மா என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

பௌதி வாங்கிக்கொண்டார். அவர் வாங்கவில்லை.

"அண்ணே, நீங்க இத்தனை நாள் என் பேரைச் சொல்லாம..."

"உன்னைக் காப்பாத்தறேன்னு நெனைச்சியா?"

அவருக்கு நீட்டிய டீயை பெஞ்சின்மேல் வைத்தேன்.

"நாலு வருஷம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ரயில் ஏறும்போது, இன்னைக்கு அவளா வருவான்னு நெனைச்சுத்தான் ஏறுவேன். படிச்ச பொண்ணு, வருவான்னு. நான் சொன்னா அது காட்டிக் குடுக்கறது. நீ சொன்னாத்தாம்மா அது உண்மை." நிதானமாகத்தான் பேசினார். "அந்த மனுசன் கண்ணு போயி நாலு வருஷம். நீ மாடியில நின்னு எங்களைப் பாத்துக்கிட்டு இருந்தே. எனக்குத் தெரியாதுன்னு..."

நிறுத்தினார். பௌதியின் கையில் டீ தளும்பியது. அவருடைய வலது கை முழங்காலில் இருந்தது. விரல்கள் மடங்கின. அதையே நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக அது விரிந்தது.

ரயில் வந்தது. திருவிழாக்கூட்டம்போல ஏறினார்கள். அவர் பௌதியை ஏற்றிவிட்டுத் தானும் ஏறினார். பின்னாலிருந்து யாரோ தள்ளியதில் என் கால் படியிலிருந்து வழுக்கியது. ரயில் நகர ஆரம்பித்துவிட்டது. உள்ளிருந்து ஒரு கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. எலும்பு நொறுங்குவதுபோல வலித்தது. கத்தினேன். ஒரே இழுப்பில் என்னை உள்ளே கொண்டுவந்து நிறுத்திவிட்டு, முகத்தைப் பார்க்காமல் கையை விட்டார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு பௌதி இருந்த பக்கம் போனார்.

ஹௌரா வரைக்கும் நான் கதவோரம் நின்றேன். அவர் என்னிடம் பிறகு பேசவே இல்லை. மணிக்கட்டில் நாலு விரலின் தடமும் இரண்டு நாள் சிவப்பாக இருந்து, பிறகு நீலமாகி, ஒரு வாரத்தில் மறைந்தது.